பாட்டு கேட்கிறது, பேச்சுத்தான் கேட்கவில்லை

"அவருக்குக் காது நல்லாத்தான் கேக்குது மிஸ். நாங்கள் சொல்லுறதுதான் கேக்காது."

வயதான அப்பாவையோ அம்மாவையோ என் அறைக்குக் கூட்டிவரும் பிள்ளைகள் கதிரையில் உட்காரும் முன்பே இதைச் சொல்லிவிடுவார்கள். கையில் அத்தாட்சியும் வைத்திருப்பார்கள். பின்னேரத்தில் பழைய பாட்டுப் போட்டால் அப்பா கூடவே பாடுகிறார், ஒரு சொல் பிசகுவதில்லை. அதே மனிதரை அடுக்களையிலிருந்து "சாப்பிட வாங்கோ" என்று மூன்று தரம் கூப்பிட்டாலும் அசையமாட்டார். ஆகவே இது காதுக் கோளாறு இல்லை, பிடிவாதம். சில வீடுகளில் இந்தத் தீர்ப்பு எழுதி ஏழெட்டு வருடம் ஆகியிருக்கும். தீர்ப்புக்கு ஆளானவர் பக்கத்துக் கதிரையில் சிரித்தபடி இருப்பார். நாங்கள் என்ன கதைக்கிறோம் என்பதே அவருக்குச் சரியாக விளங்கியிருக்காது, அதனால் அந்தச் சிரிப்பு.

நான் கொழும்பில் செவிப்புலன் பரிசோதகராக வேலை செய்கிறேன். ஓட்டோக்காரரிலிருந்து ஒன்றுவிட்ட மாமாவரை எல்லோரும் 'காது டொக்டர்' என்கிறார்கள். டொக்டர் இல்லை என்று திருத்தித் திருத்தி அலுத்துப்போய், இப்போது விட்டுவிட்டேன். என் வேலை காதை அளப்பது. எங்கே, எந்தச் சுருதியில், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று வரைபடம் போட்டு, அதற்கேற்ற கருவியைப் பொருத்துவது. இந்த வேலையில் இருந்துகொண்டே, அந்தப் 'பாட்டு கேட்கிறதே' என்ற அத்தாட்சியை நம்பி என் சொந்த அம்மாவிடம் நாலைந்து வருடம் ஏமாந்திருக்கிறேன். அந்தக் கதையைத்தான் எழுத வந்தேன்.

அம்மா 1951 இல் பிறந்தவர். கொட்டாஞ்சேனையில் வளர்ந்தார், ஆனால் வீட்டுக்குள் யாழ்ப்பாணப் பேச்சு மாறவில்லை. இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக சேவை கொடிகட்டிப் பறந்த காலமும் அவருடைய பள்ளிக்கூடக் காலமும் ஒன்றாக அமைந்துவிட்டன. கொழும்பில் 1925 டிசம்பரில் தொடங்கிய ஒலிபரப்பு, கடல் தாண்டித் தமிழ்நாட்டு வீடுகளுக்குள்ளும் போய் உட்கார்ந்த காலம் அது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம், அப்துல் ஹமீத் என்று அறிவிப்பாளர்களின் பெயர்களை அம்மா சொந்தக்காரரைச் சொல்வதுபோலத்தான் சொல்வார். றேடியோவுக்கு லைசென்ஸ் கட்டிய காலம். மரப்பெட்டி றேடியோவின் மேல் பின்னல் துணி விரித்திருக்கும், அந்தத் துணியைத் தோய்ப்பதற்கு மட்டும் மாதத்தில் ஒரு நாள்.

அம்மாவிடம் ஒரு பாட்டுக் கொப்பி இருக்கிறது. தடித்த மட்டை போட்ட சீ.ஆர். கொப்பி. றேடியோவில் பாட்டுப் போகும்போது பென்சிலால் வேகவேகமாகக் கிறுக்கி, பிறகு ஆறுதலாக நீல மையால் எழுதிய பாட்டுகள். ஒரு தரத்தில் முழுப் பாட்டையும் பிடிக்க முடியாது. விட்ட வரிக்கு இடம் விட்டு, அடுத்த முறை அதே பாட்டு எப்போது போகும் என்று நாள் கணக்கில் காத்திருப்பாராம். சில பாட்டுகளில் அந்த இடம் இன்னும் வெறுமையாகவே கிடக்கிறது. கேட்டதைக் கேட்டபடி எழுதியது, யாரும் சரிபார்த்துக் கொடுத்தது இல்லை. இதை ஞாபகம் வைத்திருங்கள், பிறகு இந்தக் கொப்பிக்குத் திரும்பி வருவேன்.

றேடியோ அம்மாவுடையது என்றால் நோட்டீஸ் அப்பாவுடையது. அப்பாவுக்கு அச்சகத்தில் வேலை. கலியாணக் கார்ட், கோயில் திருவிழாப் பிரசுரம், கடை பில் புத்தகம் எல்லாம் அடித்தார்கள் என்றாலும் எங்களுக்கு அது 'படம் அடிக்கிற இடம்'. புதுப் படம் வரும்போது தியேட்டர்காரர் கொடுக்கும் நோட்டீஸ் அங்கேதான் அச்சாகும். மெல்லிய றோஸ் தாள், மஞ்சள் தாள். கதாநாயகனின் முகம் கறுப்பு மையில் அப்பிப்போயிருக்கும், மீசை எது நிழல் எது என்று தெரியாது. பிசகிய தாள்களை அப்பா கட்டாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். பின்பக்கம் வெறுமையாக இருக்கும், நாங்கள் அதில் கணக்குச் செய்வோம். நான் பெருக்கல் பழகியது முழுவதும் சினிமாவின் முதுகில்தான்.

அப்பாவுக்கு மெதுவாகக் கதைக்கத் தெரியாது. இரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டுக்கும் கேட்கும். தியேட்டருக்குப் போனால் முன்வரிசைதான் வேண்டும். வீட்டில் றேடியோ பாடினால் அவர் எழுந்து வெளித் திண்ணைக்குப் போய்விடுவார். பாட்டுப் பிடிக்காத மனிதர், முரட்டுக் குணம் என்று எல்லோரும் முடிவுகட்டியிருந்தோம். 1998 இல் போய்விட்டார். பல வருடம் கழித்து, படிப்பின்போது, சத்தத்தால் கெட்ட காதின் வரைபடத்தை முதல் தரம் திரையில் காட்டினார்கள். 4000 ஹெர்ட்ஸ் என்ற உயர்ந்த சுருதியில் மட்டும் கிணறு வெட்டியதுபோல் ஒரு பள்ளம். அன்று வகுப்பில் எனக்கு ஞாபகம் வந்தது அந்த அச்சு எந்திரத்தின் 'டடக் டடக்'. ஒரு கை நீளத்தில் நிற்கிறவரோடு குரலை உயர்த்தித்தான் கதைக்க முடிகிறது என்றால் அந்த இடத்தின் சத்தம் 85 டெசிபெலைத் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். நாளுக்கு எட்டு மணிநேரத்துக்கு மேல் அந்த அளவைக் காது தாங்காது. மூன்று டெசிபெல் கூடினால் தாங்கும் நேரம் பாதியாகிவிடும். அப்பா அதற்குள் முப்பது வருடத்துக்குக் கிட்ட நின்றிருக்கிறார். காதில் ஒரு பஞ்சுத் துண்டுகூட இல்லாமல்.

அப்பாவை அளந்து பார்க்கும் சந்தர்ப்பம் எனக்குக் கிடைக்கவில்லை. அம்மாவை அளந்திருக்கலாம். பக்கத்திலேயே இருந்தார்.

2020 இல் எல்லோரும் முகக்கவசம் போடத் தொடங்கியபோது என்னிடம் வருகிறவர்களின் தொகை கூடியது. "மாஸ்க் வந்ததிலிருந்து ஒண்டும் விளங்கேல்ல." மாஸ்க் உயர்ந்த சுருதிகளைக் கொஞ்சம் மழுக்கும் என்பது உண்மை. அதைவிடப் பெரிய விடயம், அது வாயை மறைத்துவிடும். அதுவரை பாதி காதாலும் பாதி கண்ணாலும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள், தாங்கள் கண்ணால் கேட்கிறோம் என்பதே தெரியாமல் இருந்தவர்கள், திடீரென்று பாதியை இழந்தார்கள். இதை வருகிறவர் எல்லோருக்கும் விளக்கிச் சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் அம்மா, "பார்மசிப் பெடியன் வாய்க்குள்ள கதைக்கிறான்" என்பார். ஓம் அம்மா, இந்தக் காலத்துப் பிள்ளைகள் அப்படித்தான் என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்காருவேன்.

பிறகு 2022 வந்தது. மார்ச் கடைசியில் மின்வெட்டு ஒரு நாளைக்கு 13 மணிநேரம்வரை போனது ஞாபகம் இருக்கும். வெள்ளவத்தையில் எங்கள் வீடு மாடிக்குடியிருப்பில். விசிறி இல்லை, லிஃப்ட் இல்லை. மெழுகுதிரியும் முடிந்துபோன ஒரு இரவு, பிள்ளைகளை அடக்கிவைக்க வழியில்லாமல் 'பாட்டுக்குப் பாட்டு' விளையாடலாம் என்றேன். றேடியோவில் பாட்டுக் கேட்டு வளர்ந்த அம்மாதான் அந்த விளையாட்டில் எங்கள் வீட்டுச் சம்பியன்.

மூத்தவள் ஒரு பாட்டைப் பாடி முடித்து, "அம்மம்மா, உங்களுக்கு 'க'" என்றாள். அம்மா 'ப' வில் தொடங்கும் பாட்டொன்றைப் பாடினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அடுத்த சுற்றில் 'ச' கொடுத்தார்கள், அம்மா 'த' வில் பாடினார். "அம்மம்மா அளாப்புறா!" என்று சின்னவன் கத்தினான். அம்மாவுக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "'த' எண்டுதானே சொன்னனீ?" அதற்குப் பிறகு 'ம' வந்தது. அம்மா சரியான எழுத்தில், அழகாக, முழுச் சரணமும் பாடினார். பக்கத்து வீட்டுக்காரர் சார்ஜ் லாம்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார். முகங்கள் தெரிந்தன. அதன்பிறகு அம்மா பெரும்பாலும் பிழை விடவில்லை.

இருட்டில் நான் மட்டும் சிரிப்பை நிறுத்தியிருந்தேன். 'ம' வில் பிழை வரவில்லை. வல்லினத்தில்தான் பிழை வந்தது. வெளிச்சம் வந்ததும் திருந்திவிட்டது.

காது கேட்காமல் போவது றேடியோவின் சத்தத்தைக் குறைப்பதுபோல நடப்பதில்லை. அப்படி நடந்தால் எல்லோருக்கும் உடனே தெரிந்துவிடும். உட்காதில் நத்தைச் சுருள்போல ஒரு குழாய் இருக்கிறது. அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர்க்கலங்கள். சுருளின் வாசலில் இருப்பவை உயர்ந்த சுருதியைப் பிடிப்பவை, உள் நுனியில் இருப்பவை தாழ்ந்த சுருதியை. வயது போகும்போது தேய்வது வாசலில் இருந்து. மனிதக் காதில் இவை செத்தால் திரும்ப முளைப்பதில்லை.

இதைத் தமிழ் நெடுங்கணக்கோடு வைத்துப் பாருங்கள். 'ஆ', 'ஓ', 'ஊ' போன்ற உயிர் ஒலிகளின் பலம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது, நேரமும் நீளம். 'ம', 'ன' போன்ற மூக்கொலிகளும் கீழேதான். 'க', 'த', 'ப' எல்லாம் கண நேரத்து வெடிப்பு. எது எது என்று பிரித்துக் காட்டும் அடையாளம் பெரும்பாலும் 2000 ஹெர்ட்ஸையொட்டியும் அதற்கு மேலும். 'ச' வின் சீறல் இன்னும் மேலே, 4000 ஐத் தாண்டியும் போகும். ஆகவே உயர் சுருதி போன காதில் கடை, தடை, படை, சடை எல்லாம் கிட்டத்தட்ட 'அடை'தான். எது என்று மூளை சூழலை வைத்து ஊகிக்கும், கண் வாயைப் பார்த்து உதவும். 'ப' என்றால் உதடு மூடும், 'க' என்றால் மூடாது. இருட்டில் அந்த உதவி இல்லை. பள்ளிக்கூடத்தில் வல்லினம் என்று படித்த எழுத்துகள்தான் காதுக்குள் முதலில் சாகின்றன, மெல்லினம் கடைசிவரை நிற்கிறது. இலக்கணம் எழுதியவர்கள் இதை அறிந்தால் என்ன பெயர் வைத்திருப்பார்களோ தெரியாது.

அதனால்தான் இந்தக் குறைபாடு உள்ளவர்கள் "கேக்கேல்ல" என்று சொல்வதில்லை. "கேக்குது, விளங்கேல்ல" என்பார்கள். பிறகு மற்றவர்கள்மேல் பழி: பெடியன் வாய்க்குள் கதைக்கிறான், செய்தி வாசிக்கிறவள் அவசரப்படுகிறாள், மருமகள் முணுமுணுக்கிறாள். இந்த 'முணுமுணுக்கிறாள்' எத்தனை வீடுகளில் எத்தனை சண்டையைக் கிளப்பியிருக்கிறது என்று கணக்கெடுத்தால் எங்கள் தொழிலுக்கு மரியாதை கூடும்.

சரி, பாட்டு ஏன் கேட்கிறது? பாட்டில் உயிர் நீளும். தாளம் இருக்கிறது, மெட்டு இருக்கிறது, அவை கீழ்ச் சுருதியில் நிற்பவை. எல்லாவற்றையும்விட, அது ஏற்கெனவே தெரிந்த பாட்டு. நாற்பது, ஐம்பது வருடமாக உள்ளே பதிந்து கிடக்கிறது. காதுக்கு முதல் இரண்டு சொட்டு வந்தால் போதும், மிச்சத்தை மூளை தன் கையிருப்பிலிருந்து ஊற்றிக்கொள்ளும். அம்மா றேடியோவைக் கேட்டுப் பாடவில்லை, 1967 ஐக் கேட்டுப் பாடிக்கொண்டிருந்தார்.

இன்னுமொன்றும் இருக்கிறது, இது என் சொந்த ஊகம். மத்திய அலை றேடியோவில் ஏறத்தாழ 5000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலி வருவதே இல்லை. ஒலிபரப்பின் அகலம் அவ்வளவுதான். அம்மா மனப்பாடம் செய்த பாட்டுகளே மேல் சுருதி வெட்டப்பட்டவை. ஆகவே காதில் மேல் சுருதி போனபோது, அந்தப் பாட்டுகளில் எதுவும் குறைந்ததாக அவருக்குத் தோன்றவே இல்லை. புதுப் பாட்டு எதைப் போட்டாலும் "என்ன பாட்டு இது, ஒரு சொல்லும் விளங்கேல்ல" என்பார். நாங்களும் அதை இரசனை என்று நினைத்திருந்தோம். (புதுப் பாட்டுகளில் சொல் விளங்காததற்கு வேறு காரணங்களும் உண்டுதான், அதை விடுவோம்.)

ஆகவே உங்கள் வீட்டில் பழைய பாட்டை அளவுகோலாக வைக்காதீர்கள். தெரியாத ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். முகம் காட்டாமல், பின்னால் நின்று, சாதாரணக் குரலில், சம்பந்தமில்லாத நாலைந்து சொல்லைச் சொல்லித் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். ரெலிபோனில் எப்படி என்று கவனியுங்கள். பழைய ரெலிபோன் அழைப்பு 3400 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும், வாயும் தெரியாது. போனை எடுத்ததும் "இந்தா, இவளோட கதை" என்று மற்றவர் கையில் திணிக்கும் பழக்கம் புதிதாக வந்திருந்தால் அது வெட்கம் இல்லை. கலியாண வீட்டில், கோயிலில், நாலுபேர் சேர்ந்து கதைக்கும் இடத்தில் ஒதுங்கி இருக்கத் தொடங்கியிருந்தால் அதுவும் வயது போனதன் பக்குவம் இல்லை.

அம்மாவை நானே பரிசோதிக்கவில்லை, கூட வேலை செய்பவரிடம் கொடுத்தேன். சத்தம் புகாத சின்ன அறை, தலையில் ஹெட்போன், கையில் ஒரு பொத்தான். 'பீப்' கேட்டால் அழுத்த வேண்டும், எவ்வளவு மெல்லியது என்றாலும். கண்ணாடிக்கு இந்தப் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தாழ்ந்த சுருதியில் அம்மா டக் டக்கென்று அழுத்தினார். 2000 இல் தயங்கினார். 4000 இல் பீப் போய்க்கொண்டே இருக்கிறது, அம்மா பொத்தானில் விரலை வைத்தபடி, பரீட்சை எழுதும் பிள்ளைபோல, எதற்கோ காத்துக்கொண்டிருந்தார். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் புள்ளடி. இரண்டு கோடும் பூங்காவில் பிள்ளைகள் வழுக்கி இறங்கும் சறுக்கிபோல இறங்கின. கேட்பதற்குத் தேவைப்பட்ட சத்தம் கீழ்ச் சுருதியில் 20 டெசிபெல், 4000 இல் 65. அந்த 65 ஒரு நாளில் வந்தது இல்லை.

சும்மா வயது, அதற்கு என்ன செய்வது என்று விடக்கூடிய விடயமும் இல்லை இது. மறதி நோயைப் பற்றிய, லான்செட் மருத்துவச் சஞ்சிகையின் ஆணைக்குழு 2024 இல் வெளியிட்ட அறிக்கை, நாம் மாற்றக்கூடிய 14 ஆபத்துக் காரணிகளைச் சொல்கிறது. நடுத்தர வயதுக் காதுக் குறைபாடு அதில் பெரிய பங்குள்ள ஒன்று. காது மெஷின் போட்டால் மறதி வராது என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள். 2023 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், 70 முதல் 84 வயதுவரையான கிட்டத்தட்ட ஆயிரம் பேரை மூன்று வருடம் பார்த்தார்கள். மொத்தக் குழுவில், காதுக்குச் சிகிச்சை பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் ஏற்கெனவே ஆபத்து அதிகமாக இருந்தவர்களில், காதுக்குச் சிகிச்சை பெற்றவர்களின் அறிவாற்றல் சரிவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்திருந்தது. எனக்கு இந்த எண்களைவிடக் கண்முன்னே தெரிவது வேறு. விளங்காத மனிதர் கதைப்பதைக் குறைக்கிறார், கதைப்பதைக் குறைத்தவரை வீடு கூப்பிடுவதைக் குறைக்கிறது.

இந்த இடத்தில் வேறொரு விடயத்தைச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் இது அவசரம். கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு ஆசிரியை வந்தார். ஒரு நாள் காலமை எழும்பும்போது இடது காது அடைத்திருந்ததாம். தடிமன் என்று நினைத்திருக்கிறார். மாமியார் உள்ளி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் விட்டிருக்கிறார். ஒரு கிழமை பார்த்து, பிறகு பரீட்சைக் காலம் என்று இன்னும் இரண்டு கிழமை தள்ளியிருக்கிறார். என்னிடம் வந்தபோது அந்தக் காதில் கேட்பதற்கு அதிகம் மிஞ்சவில்லை. ஒரு காது திடீரென்று, ஒரு நாளிலோ மூன்று நாளிலோ, கேட்காமல் போனால் அது காது அடைப்பு என்று நீங்களே தீர்மானிக்காதீர்கள். உட்காதின் நரம்பு சார்ந்த திடீர்க் குறைபாடாக இருக்கலாம். அதற்கு ஸ்டீரொயிட் மருந்து உண்டு, ஆனால் முதல் சில நாளில் தொடங்க வேண்டும், இரண்டு கிழமை தாண்டினால் பலன் வெகுவாகக் குறைந்துவிடும். அன்றைக்கே காது, மூக்கு, தொண்டை டொக்டரைப் பாருங்கள். தேசிய வைத்தியசாலை போன்ற அரச ஆஸ்பத்திரியில் இதற்குக் காசும் இல்லை. அந்த ஆசிரியை இப்போது வகுப்பில் எப்போதும் ஒரு பக்கச் சுவரோடு நிற்கிறார், வலது காது வகுப்பைப் பார்த்திருக்க வேண்டுமே.

எண்ணெய் என்றதும் இன்னொன்று. குறும்பி காதின் அழுக்கு இல்லை, அதன் காவல். தானாக வெளியே வரும். பட்ஸ், தீக்குச்சி, கொண்டை ஊசி, மோட்டார் சைக்கிள் திறப்பு (ஆம், திறப்பு) எல்லாம் அதை உள்ளே தள்ளி அடைக்கத்தான் செய்யும். சில வேளை 'செவிடு' என்று கூட்டிவருகிறவரின் காதிலிருந்து பட்டாணி அளவு குறும்பியை டொக்டர் எடுத்துவிட்டால் கதை முடிந்துவிடும். எல்லோருக்கும் அந்த அதிர்ஷ்டம் இருப்பதில்லை. சீனி வருத்தம் உள்ளவர்கள் கண்ணையும் காலையும் பரிசோதிக்கும்போது காதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், உட்காதுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளங்களும் நூலளவுதான்.

இளம் பிள்ளைகளுக்கு நான் சொல்வது எடுபடுவதில்லை, ஆனாலும் சொல்கிறேன். 80 டெசிபெல் சத்தத்தைக் கிழமைக்கு 40 மணிநேரம் கேட்கலாம், 90 என்றால் 4 மணிநேரம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. காலி வீதியில் 100 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினால், ஹோர்னும் சாரதியின் பாட்டும் எஞ்சினும் சேர்ந்த சத்தத்துக்கு மேலால் கேட்பதற்காக இயர்போனைக் கூட்டுவீர்கள். கூட்டியது கூட்டியபடி வீடுவரை வரும். பஸ்ஸில் பாட்டை நிறுத்திவிடுங்கள். சாரதிதான் போடுகிறாரே.

இசைக்குழுவில் கீபோர்ட் வாசிக்கும் ஒரு பையன் காதிரைச்சலோடு வந்தான், வயது 24. அவனுடைய வரைபடத்தில் அதே 4000 ஹெர்ட்ஸ் பள்ளம். அப்பாவின் வரைபடம் எப்படி இருந்திருக்கும் என்று அன்று ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுருதியைக் கெடுக்காமல் சத்தத்தை மட்டும் குறைக்கும் காதடைப்பான் இசைக்கலைஞர்களுக்கென்றே இருக்கிறது, வாங்கிக்கொண்டு போனான். போடுகிறானா என்று தெரியாது.

அம்மாவுக்கு இரண்டு காதுக்கும் மெஷின் போட்டோம். இணையத்தில் மலிவாக விற்கும் சாதனங்கள் பல, எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவில் தூக்கிவிடுகின்றன. அம்மாவுக்குக் கீழ்ச் சுருதி குறையவே இல்லை, அதையும் தூக்கினால் பஸ்தான் பெரிதாகக் கேட்கும். வரைபடத்துக்கு ஏற்ப, குறைந்த இடத்தை மட்டும் நிரப்பும்படி பொருத்த வேண்டும். அப்படிப் பொருத்தினாலும் முதல் கிழமை நரகம். குழாய்த் தண்ணீர், பொலித்தீன் பையின் சரசரப்பு, தன் சொந்தச் செருப்பு. "இந்த வீடு இவ்வளவு சத்தமே?" வருடக்கணக்காக அந்தச் சத்தங்களை மறந்திருந்த மூளை திரும்பப் பழகுவதற்குக் கிழமைகள் ஆகும், சிலருக்கு மாதங்கள். பெரும்பாலான மெஷின்கள் இந்த முதல் மாதத்தில்தான் அலுமாரிக்குள் போகின்றன.

நாங்களும் பழக வேண்டியிருந்தது. மெஷின் போட்டவரிடமும் கத்தக் கூடாது. கத்தினால் உயிரெழுத்துதான் பெருக்கும், வேண்டியது மெய்யெழுத்து. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, முகம் பார்த்த பிறகு விடயத்தைத் தொடங்க வேண்டும். விளங்காவிட்டால் அதே சொல்லையே திருப்பிச் சொல்லாமல் வேறு சொல்லில் சொல்ல வேண்டும். அடுக்களையிலிருந்து கூப்பிடும் பழக்கத்தை விட எனக்கே ஆறு மாதம் பிடித்தது.

பாட்டில்தான் பெரிய சண்டை. "என்ர பாட்டைக் கெடுத்துப்போட்டாய்" என்றார் அம்மா. அதில் நியாயம் இருந்தது. காது மெஷின் பேச்சுக்கென்று செய்தது. புல்லாங்குழல் நீண்டு ஒரே சுருதியில் நின்றால், தனக்குள்ளேயே சத்தம் சுற்றிவந்து எழும் விசில்தானோ என்று சந்தேகித்து அதை அடக்கப் பார்க்கும், குழல் நடுங்கும். பாட்டுக்கென்று தனி அமைப்பு ஒன்று போட்டுக் கொடுக்கலாம். உங்கள் பெற்றோருக்குப் பாட்டுப் பிடிக்கும் என்றால் பொருத்துகிறவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள், கேட்காவிட்டால் பலர் போடுவதில்லை.

அதைப் போட்டுக்கொண்டு ஒரு பின்னேரம் அம்மா தன் பாட்டுகளை என் மகளின் போனில் கேட்டார், துப்புரவு செய்து வெளியிட்ட தெளிவான பதிவுகள். ஒரு பாட்டின் இரண்டாம் சரணத்தில் நிறுத்தச் சொன்னார். திரும்பப் போடச் சொன்னார். இன்னொரு தரம். பிறகு எழுந்து போய்ச் சீ.ஆர். கொப்பியை எடுத்துவந்து பக்கத்தைப் புரட்டினார். பாடகர் 'ச' என்று தொடங்கும் ஒரு சொல்லை, அம்மா ஐம்பத்தைந்து வருடத்துக்கு முன் 'த' என்று எழுதியிருக்கிறார். அப்போது காதில் குறை இல்லை, அந்தச் சீறலை றேடியோ கொண்டுவந்து சேர்க்கவில்லை. எழுத்து மாறியதில் கருத்தும் மாறி, காதலன் வேண்டாத இடத்துக்குப் போய்க்கொண்டிருந்தான். அந்தச் சொல்லை இங்கே எழுதினால் அம்மா என்னோடு கதைக்கமாட்டார்.

பேத்தி பேனையை எடுத்து நீட்டினாள், திருத்துவதற்கு. அம்மா வாங்கவில்லை. "அவர் பிழையாப் பாடிப்போட்டார்" என்று சொல்லி, இரண்டு மெஷினையும் கழற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, கொப்பியில் இருந்தபடியே அந்தச் சரணத்தைப் பாடினார்.